தொழில் என்ற கட்டம்

படிவத்தில் ஐந்தாவது கட்டம் "தொழில்". உம்மும்மாவுக்காக அந்தப் படிவத்தை நிரப்பியவள் நான்தான். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து எழுதியவள், ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் யோசிக்காமலே "இல்லத்தரசி" என்று எழுதினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் உம்மும்மா வீட்டுக்குள் இருக்கவில்லை. பின்பக்கம் கொட்டிலில் ரத்திக்குப் புல் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டுக்கு ஒரு வருடம் வீணாகிப் போனது.

எங்கள் ஊர் கண்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலத் தூரம். மலைச்சரிவில் வீடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும். முன்னால் ஒரு சிறிய முற்றம். பின்னால் கராம்பு, மிளகு, பலா. அதற்கும் பின்னால் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு மாட்டுக் கொட்டில். பண்ணை என்றால் பரந்த புல்வெளியும் நூறு மாடுகளும் கண்ணுக்கு முன் வரும். எங்கள் மாவட்டத்தில் பால் அப்படி வருவது குறைவு. இரண்டு மாடு, மூன்று மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் போத்தலிலும் கேனிலும் கொண்டுவந்து சந்தியில் ஊற்றும் பால்தான் சேர்ந்து பெரிய பாலாகிறது.

உம்மும்மாவின் நாள் சுபஹுத் தொழுகையுடன் தொடங்கும். தொழுத பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துடன் கொட்டிலுக்குப் போவார். மடியைக் கழுவித் துடைத்துப் பால் கறந்து, வடிகட்டிக் கேனில் ஊற்றி, ஆறேகால் மணிக்கு முன் சந்திக்கு அனுப்ப வேண்டும். அங்கே பால் சேகரிப்பவர் மானியை விட்டுப் பார்ப்பார். கொழுப்பைப் பரிசோதிக்க ஒரு சிறிய குப்பியில் எடுத்து வைப்பார். பாலின் விலை அளவை மட்டும் பார்த்து வருவதில்லை. அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பற்ற திண்மப் பொருளையும் பார்த்துத்தான் லீற்றருக்கு இவ்வளவு என்று போடுவார்கள். பிறகு புல் வெட்ட வேண்டும். கினிப்புல் காய்ந்துபோகும் மாதங்களில் பலா இலையும் கிளிரிசீடியாவும் ஒடிக்க வேண்டும். வேலியோரம் கோ-3 என்ற புல்லும் வைத்திருக்கிறார். அந்தப் புல் கோயம்புத்தூரிலிருந்து வந்த இனம் என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். சாணம் அள்ளி, கொட்டில் கழுவி, மாலையில் மறுபடியும் கறக்க வேண்டும். இதில் வெள்ளிக்கிழமை இல்லை, பெருநாள் இல்லை. நோன்பு முப்பது நாளும் இதே வேலைதான்.

ரத்தியை ஒரு சிங்களக் குடும்பத்திடம் வாங்கினோம். சிவப்பு மாட்டுக்கு அவர்கள் வைத்த பெயருடனேயே அது எங்கள் வீட்டுக்கு வந்தது. கடையில் விற்கும் வெளிநாட்டுப் பால்மா ஒன்றுக்கும் அதே பெயர். சின்ன வயதில் அந்தப் பால்மா எங்கள் ரத்தியிலிருந்து வருவதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே கூப்பிடுவோம். பண்ணைப் பதிவு அப்பாவின் பெயரில் இருந்தது. சந்தியில் பால் எழுதும் புத்தகமும் அவர் பெயரில்தான். அப்பா 2022இல் மௌத்தானார். உம்மும்மா நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். கொட்டில் வீட்டு எல்லைக்குள் இருந்ததால் பால் கறப்பது நிற்கவில்லை. கேனைச் சந்திக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. அந்த நான்கு மாதத்தில் ஒரு நாளாவது அவர் பிந்தியதில்லை. ஆனால் பதிவை மாற்ற யாரும் போகவில்லை. இத்தா முடிந்த பிறகும் அது அப்படியே கிடந்தது. பால் புத்தகத்தில் அப்பா ஒவ்வொரு நாளும் ஏழு லீற்றர் பால் ஊற்றிக்கொண்டேயிருந்தார். மாமா கையொப்பமிட்டுக் காசை வாங்கிவருவார். சதம் பிசகாமல் உம்மும்மாவின் கையில் கொடுப்பார். மாமா நேர்மையானவர்தான். ஆனாலும் தன் உழைப்பின் காசை ஒருவர் கொண்டுவந்து தரும்வரை காத்திருப்பதற்கும், தானே போய் வாங்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

2023இல் நான் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாட்களில்தான் மானியச் செய்தி வந்தது. மாட்டுக் கொட்டிலைத் திருத்துவதற்கு அரச உதவி. சீமெந்துத் தரை, வடிகால், கூரை. முதலில் நாமே செலவழித்து வேலையை முடிக்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்த பிறகு பாதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். எங்கள் கொட்டிலுக்கு மண் தரை. மழை பெய்தால் சேறு. சேற்றில் படுக்கும் மாட்டுக்கு மடிநோய் வரும்; மடிநோய் வந்தால் பாலை யாரும் எடுக்கமாட்டார்கள். அதனால் உம்மும்மா இந்த மானியத்தை மிகவும் எதிர்பார்த்தார். முன்பணத்துக்காக ஒரு சீட்டும் கட்டினார். குர்ஆன் ஓதத் தெரிந்த உம்மும்மாவுக்குப் படிவம் நிரப்பத் தெரியாது. "மகள், வடிவா எழுது" என்று என்னிடம் தந்தார். நானும் வடிவாகத்தான் எழுதினேன்.

அலுவலகத்தில் இருந்தவர் கெட்டவரல்ல. எங்களை உட்காரச் சொல்லிக் கோப்பைத் திறந்து பார்த்தார். பண்ணைப் பதிவு மௌத்தானவரின் பெயரில் இருக்கிறது. அதற்கு மரணச் சான்றிதழும் பிள்ளைகளின் சம்மதக் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் உறுதியும் வேண்டும் என்றார். அதைக்கூட ஒரு மாதத்தில் தேடிக்கொடுத்திருக்கலாம். பிறகு அவர் ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்தார். இது பாற்பண்ணையாளருக்கான உதவி; விண்ணப்பித்திருப்பவர் இல்லத்தரசி என்று போட்டிருக்கிறார்; அப்படியானால் மாட்டைப் பார்ப்பவர் யார், அவர் பெயரில் விண்ணப்பியுங்கள் என்றார். மாமா பதில் சொல்லத் தொடங்கினார். உம்மும்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்தார். அவருடைய விரல் இடுக்குகளில் புல்லின் பச்சைக் கறை இருந்ததை நான் அன்று பார்த்தேன். அந்தக் கறையும் என் எழுத்தும் ஒரே மேசையில்தான் இருந்தன. அதிகாரி எழுத்தைத்தான் படிக்க முடியும்.

கடிதங்களைச் சேர்த்து, படிவத்தை மறுபடி கொடுத்தபோது அந்த வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது. அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள்.

மாடு அடுத்த வருடம்வரை காத்திருக்கவில்லை. நவம்பர் மழையில் கொட்டில் முழுவதும் சேறாகிக் கிடந்தபோது ரத்தி வழுக்கி விழுந்தது. அப்போது அது ஏழு மாதச் சினை. இரண்டு நாள் கழித்துக் கன்று கலைந்துவிட்டது. சீமெந்துத் தரை இருந்திருந்தால் அது விழுந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். உம்மும்மா, "அல்லாஹ்ட நாட்டம் மகள், நீ அழ வாணாம்" என்றார். ஆனால் அதன் பிறகு பால் புத்தகத்தில் பல பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வரும்.

நான் இப்போது உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறேன். இந்த மானியங்களைப் பற்றித் தேடிப் படித்ததும் அதனால்தான்.

நம் நாட்டில் பாலைப் பற்றிப் பேசாத அரசாங்கம் இல்லை. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் எங்கள் மாவட்டத்திலேயே, பேராதனைக்கு அருகில் கெட்டம்பேயில் இருக்கிறது. ஹைலண்ட் பால் பொருட்களைச் செய்யும் மில்கோவின் தொழிற்சாலை ஒன்று திகனையில் இருக்கிறது. அப்படியிருந்தும் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு, நம் வீடுகளின் தேநீருக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பால்மாதான். 2015 ஜனவரியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில், ஒரு லீற்றர் பசும்பாலுக்கு 70 ரூபாய் உத்தரவாத விலை அறிவித்தார்கள். அதே திட்டத்தில் பால்மாவின் விலையையும் குறைத்தார்கள். ஒரு கையால் பாற்பண்ணையாளரைத் தூக்கிவிட்டு, மறு கையால் அவருடைய போட்டியாளரையும் தூக்கிவிட்டது போல் இருந்தது அது. பால்மா வாங்கும் ஏழை வீட்டுக்கும் விலை குறைய வேண்டும் என்பது உண்மைதான். எங்கள் வீட்டிலும் ரத்தி பால் கொடுக்காத மாதங்களில் பால்மாதான் வாங்கினோம். அதனால் இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது வெளிநாட்டு மாடுகள். 20,000 பசுக்களை இறக்குமதி செய்ய ஓர் ஒப்பந்தம் செய்து, 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 பசுக்களைக் கொண்டுவந்தார்கள். கடன்பட்டு அவற்றை வாங்கிய பண்ணையாளர்கள் பலர், மாடுகள் நோயுற்றன, செத்தன, சொன்ன அளவு பால் தரவில்லை என்று முறையிட்டார்கள். மீதி மாடுகள் வரவில்லை. பெரிய பணம் பெரிய திட்டத்துக்குப் போனது. கினிப்புல்லும் பலா இலையும் தின்று பால் தரும் ஒரு மாட்டின் காலடியில் சீமெந்து போடுவதற்குத்தான் வருட முடிவில் பணம் இருக்கவில்லை.

2022ஐ யாரும் மறந்திருக்கமாட்டோம். டொலர் இல்லாமல் பால்மாவுக்கு வரிசையில் நின்றோம். அந்த மார்ச் மாதம் கடையில் ஒரு பால்தேநீர் 100 ரூபாய்க்கு வந்தது. அன்று எல்லாரும் நம் நாட்டுப் பால், நம் நாட்டுப் பால் என்றார்கள். ஆனால் அதே காலத்தில் மாட்டுத் தீவனத்தின் விலையும் ஏறியிருந்தது. உம்மும்மா புண்ணாக்கை அளந்து அளந்து வைத்தார்.

வகுப்பில் ஒருநாள் மானியம் நல்லதா கெட்டதா என்று விவாதம் வந்தது. ஒரு தோழி, நியூசிலாந்து 1984இலேயே விவசாய மானியங்களை நிறுத்திவிட்டது, அதனால்தான் அந்நாட்டுப் பண்ணையாளர்கள் உலகத்துக்கே பால்மா விற்கிறார்கள் என்றாள். அவள் சொன்ன வருடம் சரி. ஆனால் அங்கே வருடம் முழுவதும் மாடு மேயப் புல்வெளி இருக்கிறது. நூற்றுக்கணக்கில் மாடுகள் இருக்கின்றன. பாலை விற்கும் பெரிய நிறுவனமே பண்ணையாளர்களின் கூட்டுறவாக இருக்கிறது. இங்கே வீட்டின் பின்னால் இரண்டு மாடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அயல் நாடான இந்தியாவில் வேறொரு வழியைப் பார்க்கலாம். கர்நாடகத்தில் 2008இல் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் அரசு 2 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அது 5 ரூபாயானது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் ஆவினுக்குப் பால் கொடுப்பவர்களுக்கு லீற்றருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். இந்த வழியில் ஊற்றிய பாலே சாட்சி. முதலில் செலவழித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. கொட்டிலுக்கான மானியமோ, கையில் காசு வைத்திருப்பவருக்கே முதலில் கிடைக்கும். சீட்டுக் கட்ட முடியாதவர் படிவத்தையே எடுக்கமாட்டார்.

ஆனால் லீற்றர் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. ஒரு பெண் கன்று பிறந்து, வளர்ந்து, சினைப்பட்டு, முதற்பால் தருவதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். அந்த மூன்று வருடமும் அது தின்னும். ஒரு லீற்றரும் தராது. கன்றுத் தீவனத்துக்கு உதவி வேண்டும் என்பது அதனால்தான். எங்கள் ரத்தி போல விழுந்துவிட்ட மாட்டுக்கும் லீற்றர் கணக்கில் எதுவும் வராது. அதனால் இரண்டும் வேண்டும்: பாலுக்கு ஏற்ற உதவியும், பால் இல்லாத காலத்துக்கான உதவியும்.

எந்த வழியில் கொடுத்தாலும் ஒரு விடயம் மாறாது. பணம் ஒரு பெயருக்குத்தான் போகும். அந்தப் பெயர் மாட்டோடு இருக்கும் ஆளின் பெயராக இருக்க வேண்டும். இந்தியாவில் பெண்கள் மட்டுமே உறுப்பினராக இருக்கும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன என்று படித்தபோது, முதலில் எனக்கு அது தேவையில்லாத பிரிவினை போலத் தெரிந்தது. பிறகு எங்கள் பால் புத்தகத்தை நினைத்துப் பார்த்தேன். கறப்பவர் பெயர் புத்தகத்தில் வருவதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

குர்ஆனில் மிக நீண்ட வசனம் சூரத்துல் பகராவில் இருக்கிறது என்று மத்ரஸாவில் படித்தோம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது, எழுதுபவர் நீதமாக எழுத வேண்டும் என்ற கருத்து அதில் வருகிறது. எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். எழுதுபவர் என்றால் யாரோ பெரிய வியாபாரியின் கணக்கப்பிள்ளை என்று நினைத்திருந்தேன். உம்மும்மாவின் படிவத்தை மடியில் வைத்து நிரப்பிய பதினாறு வயதுப் பிள்ளையும் அதில் அடங்குவாள் என்று நினைக்கவில்லை. நான் பொய் எழுதவில்லை. பழக்கத்தை எழுதினேன். ஆனால் நீதமாக எழுதவில்லை.

2024இல் மறுபடி படிவம் வந்தது. இந்த முறை ஐந்தாவது கட்டத்தில் பேனையை நிறுத்திவிட்டுக் கொட்டிலுக்குப் போனேன்.

"உம்மும்மா, உங்கட தொழில் என்ன?"

உம்மும்மா சிரித்தார். "எனக்கு என்ன மகள் தொழில் ஈக்கி? நான் வீட்டிலதானே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் எழுதிய சொல்லைத்தான் அவரும் சொன்னார். அதிகாரிக்கு முன்னால் அவர் பேசாமல் இருந்ததற்கும் இதுதான் காரணமோ என்று தோன்றியது. நான் ஒன்றொன்றாகக் கேட்டேன். யார் கறக்கிற? யார் புல் வெட்டுற? கன்று போடும்போது ராவு முழுக்க முழிச்சிருக்கிற யார்? மடி சூடாக இருந்தால் முதலில் கண்டுபிடிக்கிற யார்? எல்லாவற்றுக்கும் "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப மாடு வளக்கிற என்டு எழுது" என்றார்.

"பாற்பண்ணையாளர்" என்று எழுதினேன். படிவத்தில் அவர் கையொப்பம் வைத்தார். பால் புத்தகத்தையும் அவர் பெயருக்கு மாற்றினோம்.

சீட்டுக் காசில் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரை போட்டாயிற்று. பாதிப் பணம் இன்னும் வந்துசேரவில்லை. வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ரத்தியின் மகளை நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுவோம். அவள் சென்ற வருடம் முதல் கன்று போட்டாள், பெண் கன்று. புதிய புத்தகத்துடன் உம்மும்மா சந்திக்குப் போன முதல் நாள் நானும் கூடப் போனேன். பால் சேகரிப்பவர் புத்தகத்தைப் பார்த்துப் பெயரைச் சத்தமாக வாசித்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து உம்மும்மா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

இதை வாசிக்கும் சகோதரிகளே, நம் வீடுகளில் படிவம் நிரப்புவது பெரும்பாலும் நாம்தான். சமுர்த்தி, அஸ்வெசும, வங்கி, பாடசாலை அனுமதி என்று எத்தனையோ தாள்கள் நம் கைக்கு வருகின்றன. உம்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் உரிய அந்தக் கட்டத்தை நாம் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிடுகிறோம். அந்த உம்மா தைப்பவராக இருக்கலாம், இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவராக இருக்கலாம், மாடு வளர்ப்பவராக இருக்கலாம். அடுத்த முறை அந்தக் கட்டத்துக்கு வரும்போது பேனையை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு, வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.